வீட்டில் எத்தனை தலை

எங்கள் சின்னவள் பிறந்த வருஷத்தில்தான் எங்கள் வீட்டுக்குப் பேனும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்டால், பேன்தான். இப்படி நான் சொல்ல ஆரம்பித்தாலே என் கணவர் எழுந்து போய்விடுவார். பிள்ளை பிறந்த கதையில் பேனை ஏன் இழுக்கிறாய் என்பார். இழுக்காமல் எப்படி? அந்தக் கதையில் அவருடைய பங்குதான் பெரிது. அதனால்தான் எழுந்து போகிறார்.

ஓசூரில், பாகலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் முதல் மாடி வாடகை வீடு எங்களுடையது. கணவர் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவு. நான் வேறொரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். பூதக்கண்ணாடி பதித்த வட்ட விளக்குக்கு அடியில் சின்னச் சின்னப் பித்தளைப் பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ பிசிறோ இருந்தால் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். மயிரிழைக் கீறலைக்கூட விடமாட்டேன் என்று லைனில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சிரிக்க வசதியாக இருக்கும்.

எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் பெரியவள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, என் வயிற்றில் நெற்றியை வைத்து மெல்ல ஒரு முட்டு முட்டுவாள். கைக்குழந்தையோடு நாம் எல்லோரும் விளையாடுவோமே, ஆட்டுக்குட்டி முட்டு, அதுதான். முட்டிவிட்டு அன்றைய செய்தியை உள்ளே இருப்பவருக்குச் சொல்வாள். "பாப்பா, இன்னிக்கு சத்துணவுல முட்டை. பாப்பா, எங்க பெஞ்சுல நாலு பேரு, நான் ஓரத்துல." ராத்திரி தூங்குவதும் என் வயிற்றை ஒட்டித்தான். உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தால் அது தனக்குச் சொன்ன பதில் என்று எடுத்துக்கொள்வாள். நான் மறுத்ததில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ரெட்டை ஜடை போட வகிடு எடுத்தேன். வகிட்டின் நடுவில் ஒன்று, சொந்த ஊர்ச் சாலையில் போவதுபோல நிதானமாக நடந்து போனது. பிரித்துப் பார்த்தால் காதோரமெல்லாம் ஈர். எனக்கு உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. அரிப்பு பயத்தில் வந்தது என்று நினைத்தேன். இல்லை, என் தலையிலும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து என் கணவரின் அக்கா வந்து இறங்கினார். முதல் பிரசவத்தைப் பாரூரில் என் அம்மா வீட்டில் பார்த்தாயிற்று, இரண்டாவது நம்ம பொறுப்பு என்று முன்பே சொல்லியிருந்தார். தளிப் பக்கம் கோஸும் சாமந்தியும் பயிர் செய்கிற குடும்பம். கோபம் வந்தால் கன்னடம், பாசம் வந்தாலும் கன்னடம், நியாயம் பேசும்போது மட்டும் தமிழ். நான் அவரை அண்ணி என்பேன். ஒரு கையில் பீன்ஸ் மூட்டை, இன்னொரு கையில் கோஸ் மூட்டை. மூட்டையை வைத்துவிட்டு என் மகளை "பா இல்லி" என்று கூப்பிட்டு அணைத்தவர், அப்படியே அவள் தலையைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார்.

"ஏம்மா, வயித்துல புள்ளய வெச்சிக்கினு வூட்டுல இத்தன ஹேனா?" என்றார் என்னிடம், பேனைக் கன்னடத்தில் சொல்லி.

"இப்பதான் அண்ணி பாத்தன்."

"இப்பதான் பாத்தியா? நீ கம்பெனியில என்னாத்த பாக்கற?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு ஏனோ அடக்கிக்கொண்டேன்.

அண்ணி சட்டம் போட்டது அன்று மாலையே. பேன் முழுசாகப் போகிறவரை பெரியவள் என்னோடு படுக்கக் கூடாது. பிள்ளை பிறந்த பிறகும் பேன் இருந்தால் பிள்ளையைத் தொடக் கூடாது, மடியில் கேட்கக் கூடாது. பச்சைக்குழந்தை தலையில் பேன் ஏறினால் மருந்தும் போட முடியாது, சீப்பும் வைக்க முடியாது, என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

"முட்டு?" என்று கேட்டாள் மகள்.

"முட்டும் கெடையாது," என்றார் அண்ணி.

மறுநாள் பள்ளியிலிருந்து ஓடிவந்தவள், என் முன்னால் வந்து சடாரென்று நின்றாள். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து, என் வயிற்றிலிருந்து ஒரு சாண் அளந்தாள். அந்தச் சாணுக்கு அப்பால் தன் தலையை வைத்துக்கொண்டு செய்தி சொன்னாள். பாப்பாவுக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் அந்தப் பக்கம் போனதும் எனக்கு அழுகை வந்தது.

அன்றிலிருந்து அவள் படுக்கை கூடத்தில், அப்பாவோடு. அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே பாய், ஒரே தலையணை, ஒரே போன். இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு கார்ட்டூன் பார்க்கும். பாவம், அம்மா பக்கத்தில் விடவில்லை, அப்பாவாவது இருக்கிறாரே என்று நானும் அண்ணியும் பேசிக்கொண்டோம்.

இந்த இடத்தில் என் கணவரின் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் குடும்பத்தில் மனைவி மாசமாக இருக்கும்போது கணவன் தலையில் கத்தி படக் கூடாது, கத்தரியும் படக் கூடாது. சவரமும் இல்லை. பெரியவள் வயிற்றில் இருந்தபோதே இந்தக் கோலத்தை நான் பார்த்திருந்தேன். இந்த முறை முடி இன்னும் செழித்து வளர்ந்தது. எட்டாம் மாதத்தில் பின்னால் தோளைத் தொட்டது. தாடி வேறு. கம்பெனி கேட்டில் இருந்த செக்யூரிட்டி அவரை "சாமி, உள்ள போங்க" என்று கும்பிட்டு அனுப்புவாராம். அவருக்கு உள்ளூர சந்தோஷம். கண்ணாடி முன்னால் நின்று ஒதுக்கி ஒதுக்கி விடுவார். அவ்வப்போது தலையைச் சொறிவார். கேட்டால், "ஹெல்மெட் வேர்வை" என்பார். ஓசூர்க் குளிரில் யாருக்கு அவ்வளவு வேர்க்கிறது என்று நான் ஒருநாளாவது கேட்டிருக்கலாம்.

அண்ணி வைத்தியத்தில் இறங்கினார். மொட்டை மாடியில் வெயில் பார்த்து ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, எங்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, பேன் சீப்பால் இழு இழு என்று இழுப்பார். விழுந்ததைக் கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் வைத்து நசுக்குவார். மண்ணெண்ணெய் தடவலாம் என்று ஒருநாள் பாட்டிலோடு வந்தபோது மட்டும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அடுப்பு எரிகிற வீட்டில் பிள்ளை தலையில் மண்ணெண்ணெயா என்று கத்தினேன். "சும்னிரு, சும்னிரு" என்று கன்னடத்தில் என்னைச் சும்மா இருக்கச் சொல்லி அண்ணி பாட்டிலை எடுத்துப் போய்விட்டார். வேப்பிலை அரைத்துத் தடவினார். வீடே கசந்தது. பேன் இரண்டு நாள் மயங்கிக் கிடந்து மறுபடி எழுந்து நடந்தது.

இதற்கிடையில் என் கணவர் தன் பங்குக்கு விசாரணை ஆரம்பித்தார். அவர்கள் கம்பெனியில் ஒரு பாகத்தில் குறை வந்தால் ஒய்-ஒய் போடுவார்கள். ஏன் வந்தது என்று கேட்டு, வந்த பதிலுக்கு மறுபடி ஏன் என்று கேட்டு, ஐந்து ஏன் போனால் மூலகாரணம் அகப்பட்டுவிடும் என்பது நம்பிக்கை. மகளுடைய எழுதும் பலகையை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். தாடியைத் தடவிக்கொண்டு மார்க்கரால் எழுதினார்.

ஏன் பேன் வந்தது? பக்கத்தில் உட்காரும் பெண்ணிடமிருந்து. ஏன்? இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். ஏன்? ஒரே பெஞ்சில் நாலு பேர். ஏன்? வகுப்பில் பெஞ்ச் போதவில்லை. ஏன்? அதற்கு மேல் அவருக்கே தெரியவில்லை. கட்டம் கட்டி, "மூலகாரணம்: பெஞ்ச்" என்று எழுதி அடிக்கோடு போட்டார். அந்தக் கோட்டைப் போடும்போதும் இடது கையால் பின்தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நானும் அண்ணியும் எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போய் டீச்சரிடம் சொல்லி மகளைக் கடைசியில் ஒதுக்கிப் போட்டிருந்த கால் ஆடும் பெஞ்சுக்கு மாற்றிவிட்டு வந்தார். அவளுடைய ஒரே சிநேகிதி அந்தப் பக்கத்துப் பெண்தான். சாயங்காலம் ஒரு சாண் தள்ளி நின்று, "பாப்பா, இப்ப எங்க பெஞ்சுல நான் மட்டும்தான்," என்று சொன்னாள். அதோடு செய்தி முடிந்தது.

சீத்தாப்பழ விதை வந்தது அடுத்த வாரம். எங்கள் பக்கத்தில் சீத்தாப்பழத்துக்குப் பஞ்சமில்லை, அண்ணி விதையைச் சேர்த்து வைத்திருந்தார். காயவைத்து இடித்து எண்ணெயில் குழைத்துத் தடவினார். கண்ணை இறுக்கி மூடிக்கொள் என்று சொல்லித்தான் தடவினார். ஆனாலும் கழுவும்போது ஒரு சொட்டு வழிந்துவிட்டது. பிள்ளை துடித்துவிட்டாள். கண் தக்காளியாகச் சிவந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அப்படியே ஆட்டோ பிடித்து, நான் மாதாமாதம் காட்டுகிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம்.

டாக்டரம்மா கண்ணைப் பார்த்து, சொட்டு மருந்து போட்டு, பயமில்லை என்று சொன்ன பிறகுதான் எங்களைத் திட்ட ஆரம்பித்தார். "பேனுக்கு பயந்து கண்ண வுட்டுடுவீங்களா? பேன் யாரையும் கொன்னுடாது. இந்த விதை, மண்ணெண்ணெய், பூச்சி மருந்து எதையும் தலையில வெக்காதீங்க." ஒரு லோஷன் எழுதிக் கொடுத்தார். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு லோஷன்கூட வேண்டாம், ஈரத் தலையில் கண்டிஷனர் போட்டு நெருக்கப் பல் சீப்பால் பொறுமையாக இழுத்தால் போதும் என்றார். முதல் தடவையில் ஈர் எல்லாம் சாகாது, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி போட வேண்டும். வெறுமனே சீவுவதை நடுவில் விடக் கூடாது. முடியை வெட்டத் தேவையில்லை. கடைசியாக ஒன்று சொன்னார்.

"வூட்ல இருக்கற எல்லாரும் ஒரே நாள்ல பாத்துக்கணும். ஒருத்தர வுட்டாலும் திரும்ப வரும். வூட்ல எத்தன தலை?"

"மூணு," என்றோம் நானும் அண்ணியும், ஒரே குரலில்.

அப்போது, ஆட்டோவுக்குப் பின்னாலேயே வந்த என் கணவர் சுகாதார நிலைய வாசலில் பைக்கில் சாய்ந்து, தோளில் புரளும் முடியோடு எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். பேன் என்றால் பெண்கள் சமாசாரம். ஜடை, பூ, ரிப்பன், பேன். ஆம்பளைத் தலையை எண்ண வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மூன்று தலைக்கும் சரியாகச் செய்தோம். எனக்கு ஈரச் சீப்பு மட்டும், மற்ற இரண்டு பேருக்கும் லோஷன், ஈரச் சீப்பு, மறுபடி லோஷன். தலையணை உறை, துண்டெல்லாம் வெந்நீரில் போட்டு வெயிலில் காயவைத்தோம். என் தலை சுத்தமானது. அண்ணி தலை சுத்தமானது. பெரியவள் தலையும் சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு வாரம் போனதும் அவள் காதுக்குப் பின்னால் புதிதாக ஒன்று நடந்தது. எடுத்தோம். அடுத்த வாரம் இன்னொன்று.

"இவ தலையிலயே ஊறுது," என்றார் அண்ணி. இனி வேறு வழியில்லை, வருகிற வெள்ளிக்கிழமை தளியில் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டுவிடுவது என்று முடிவு சொன்னார். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். சாமிக்கும் ஆச்சு, பேனுக்கும் ஆச்சு.

"டாக்டரம்மா முடி வெட்ட வேணாம்னாங்களே அண்ணி."

"டாக்டரம்மாவுக்கென்னா, அவங்க தலையிலயா பேன் இருக்குது? அவங்களா புள்ள பெக்கப் போறாங்க?"

மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அந்த ரெட்டை ஜடைக்காக ஒரு வருஷமாக முடி வளர்த்தவள் அவள். மொட்டைத் தலையோடு பள்ளிக்குப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். "மொட்டை போட்டா பாப்பாவ தூக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள். தூக்கலாம் என்றார் அண்ணி. "அப்ப சரி," என்றாள்.

அன்று சாயங்காலம் ஒன்று நடந்தது. நான் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் வாசற்படியில் வந்து நின்றாள். தலையில் என்னுடைய கம்பெனித் தொப்பி. லைனில் முடி விழாமல் இருக்க நாங்கள் போடுகிற, ரப்பர் வைத்த வெள்ளைத் தொப்பி. பீரோ இழுப்பறையிலிருந்து எடுத்து, இரண்டு காதும் மறைய, புருவம் வரை இழுத்து விட்டிருந்தாள்.

"இது போட்டுக்கினா ஒண்ணும் கீழ வுழாது இல்லம்மா? இப்ப ஒரு முட்டு முட்டலாமா?"

நான் கையை நீட்டிவிட்டேன். ஆனால் அண்ணி உள்ளே வந்தார். "வேணாம் கண்ணு, தொப்பிக்குள்ள இருந்து வந்துடும்," என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, பரிவாகத்தான் சொன்னார். நீட்டிய கையை நான் மடக்கிக்கொண்டேன். அவள் தொப்பியைக் கழற்றி, மடித்து, இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அண்ணிமேல் கோபம், பேன்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக என்மேல் கோபம். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பில்லை என்று கணவர் சொன்னதற்கு அவரைப் பிடித்துக் காய்ச்சினேன்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு. மதியம் கோஸ் கூட்டும் களியும் சாப்பிட்டுவிட்டு, மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என் கணவர் வெயில் காய்ந்தபடி தூங்கிவிட்டார். நானும் அண்ணியும் ஓரத்தில் உட்கார்ந்து காய்கிற வடகத்தைக் காக்கை கொத்தாமல் காவல் காத்துக்கொண்டிருந்தோம். மகளுக்கு விளையாட ஆளில்லை. சிநேகிதியும் போயாயிற்று, பாப்பாவும் ஒரு சாண் தள்ளிப் போயாயிற்று. அப்பா முடியை வைத்து பியூட்டி பார்லர் விளையாட ஆரம்பித்தாள். தண்ணீர் தெளித்து, எங்கள் பேன் சீப்பையே எடுத்து, பின்னாலிருந்து வாரி வாரிச் சின்னச் சின்ன ஜடையாகப் போட்டாள். ரிப்பன் கட்டினாள். அவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு மகள் எங்களை நோக்கி நடந்து வந்தாள். உள்ளங்கையைக் குவித்து, கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவருகிறவள்போல மெல்ல மெல்ல வந்தாள். என் முன்னால் ஒரு சாண் தள்ளி நின்று கையைத் திறந்தாள். நடுவில் ஒன்று கொழுகொழு என்று இருந்தது. காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, இது என்னோடது இல்ல," என்றாள். "அப்பாவோடது."

நானும் அண்ணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் அந்த ரிப்பன் ஜடைகளை விலக்கிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால், பிடரியில், ரவை கொட்டினமாதிரி ஈர். அதற்கு நடுவே பெரியவர்கள், சின்னவர்கள், குடும்பம் குடும்பமாக நடமாட்டம். மயிரிழைக் கீறலை விடாத கண் என்னுடையது. எட்டு மாதமாக இந்தத் தலை என் முன்னால்தான் சாப்பிட்டது, காபி குடித்தது, கண்ணாடி பார்த்தது.

"ஆம்பளைக்குக் கூடவா?" என்றார் அண்ணி. அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

கணவர் விழித்துக்கொண்டார். மூன்று பெண்கள் தன்னைச் சுற்றி நின்று தலையைப் பார்ப்பதைக் கண்டு, "என்னா ஆச்சு?" என்றார்.

"மூலகாரணம் ஆச்சு," என்றேன்.

அவர் முதலில் நம்பவில்லை. ஹெல்மெட்டிலிருந்து வந்திருக்கும் என்றார். பெஞ்சிலிருந்து தனக்குப் பரவியிருக்கும் என்றார். பிறகு கையை விட்டுத் தடவிப் பார்த்து, ஒன்று விரலோடு வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். எனக்குப் பேச்சு வந்தது. பிள்ளையைச் சுத்தம் செய்து செய்து ராத்திரி இந்தத் தலையணைக்கே அனுப்பினோம், அம்மாவிடமிருந்து பிரித்து இந்தப் பேன் பண்ணையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம், சிநேகிதியையும் பிரித்தோம், இப்போது அவள் முடியையும் எடுக்கப் போகிறோம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அப்ப ரெண்டு பேருக்கும் மொட்டை போட்டுடலாம் அண்ணி. வெள்ளிக்கெழம அப்பாவும் பொண்ணும் ஒண்ணா உக்காரட்டும்."

"ஐயோ, அவன் தலையில கத்தி படக் கூடாதும்மா. நீ மாசமா இருக்கற."

"அவ தலையில மட்டும் படலாமா? ஒண்ணு ரெண்டு பேருக்கும் மொட்டை, இல்லன்னா ரெண்டு பேருக்கும் சீப்பு. நீங்களே சொல்லுங்க."

அண்ணி வடகத்தைக் காக்கை கொத்திக்கொண்டு போனதைக்கூட விரட்டவில்லை. பிறகு எழுந்துபோய் வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து விரித்தார். தம்பியைத் தரையில் உட்காரச் சொன்னார். அவர் தயங்கினார், பக்கத்து மாடியில் ஆள் இருக்கிறார்கள் என்றார். "சும்னிரு, குந்துடா," என்று தோளைப் பிடித்து அமுக்கினார். ஆறடி ஆள், தாடியோடு, ரிப்பனோடு, அக்கா முழங்காலுக்கு நடுவில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். வேட்டியில் விழுந்ததை மகள் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "அத்தை, இதோ. அத்தை, அங்க ஒண்ணு." இத்தனை நாளாக அவள் தலை குனிந்து உட்கார்ந்த இடம் அது. சந்தோஷத்தில் அவள் குரல் மாடி முழுக்கக் கேட்டது.

அன்று சாயங்காலம் கூடத்தில் சுவரோரம் பலகையைப் பார்த்தேன். பெஞ்ச் என்று அடிக்கோடு போட்டிருந்ததற்குக் கீழே, கோணல் எழுத்தில், "அப்பா தலை" என்று எழுதியிருந்தது. கணவர் அதை அழிக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஷிப்ட்டுக்குப் போகும்முன் பள்ளிக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு டீச்சரிடம் பேசி, மகளைப் பழைய பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டுத்தான் வந்தார். காரணம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ரிவொர்க் என்று சொன்னேன் என்றார். குறை வந்த பாகத்தைத் திருத்திச் செய்வதற்குக் கம்பெனியில் அதுதான் பெயர்.

இந்த முறை நான்கு தலை. அவருக்கும் லோஷன், அவருக்கும் ஈரச் சீப்பு. நெருக்கப் பல் சீப்பு அந்த முடியில் நகர மறுக்கும், வலியில் அவர் கத்துவார். "இன்னும் கொஞ்சம்தான்டா," என்பார் அண்ணி, கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறி. எனக்குக் கொஞ்சம் கூட இரக்கம் வரவில்லை. மகள் கூடத்தில் தனிப் பாயில், தனித் தலையணையில் படுத்தாள். மொட்டை பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, ரெட்டை ஜடையோடு பள்ளிக்குப் போனாள். ஆனால் அண்ணி சட்டத்தை மட்டும் தளர்த்தவில்லை. இரண்டாம் லோஷனும் முடிந்து, சீப்பில் ஒன்றும் வராமல் இருந்தால்தான் முட்டு. மகளும் பிடிவாதமாகத் தினமும் தன் சாணை அளந்துதான் நின்றாள்.

இரண்டாம் லோஷன் போட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. சொன்ன தேதிக்கு முன்பே எனக்கு வலி எடுத்துவிட்டது. விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், மதியத்துக்குள் பெண் பிறந்தது. முதலில் கையில் வாங்கியவர் அண்ணிதான். "தலை நெறைய முடிம்மா," என்று சிரித்தார். பிறகு என் காதருகே குனிந்து, "நாளைக்கு பெரியவள கூட்டிக்கினு வரன், வூட்டுல நல்லா வெளிச்சத்துல பாத்துட்டு," என்றார்.

மறுநாள் பகலில் வந்தார்கள். முதலில் உள்ளே வந்தவர் யார் என்று எனக்கே ஒரு நொடி புரியவில்லை. தாடி இல்லை, முடி இல்லை, ஒட்ட வெட்டிய தலை, பளபளவென்று முகம். பிள்ளை பிறந்த சேதி கேட்டதும் நேரே சலூனுக்குப் போயிருக்கிறார். பின்னால் மகள், அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு. ரெட்டை ஜடையை மடித்து ரிப்பன் கட்டியிருந்தது. தலை இன்னும் ஈரமாக இருந்தது.

"சுத்தம்," என்றார் அண்ணி. "ரெண்டு தடவ இழுத்தன். வேட்டியில ஒண்ணுமே இல்ல."

"அப்பாவையும் பாத்தீங்களா?" என்று கேட்டாள் மகள்.

"பாக்க அங்க என்னா இருக்குது கண்ணு," என்று அண்ணி தம்பி தலையைத் தடவிக் காட்டினார்.

கட்டிலின்மேல் அவளைச் சம்மணம் போட்டு உட்கார வைத்து, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் பாப்பாவை வைத்தோம். அவள் இரண்டு கையையும் அசைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லக் குனிந்தாள். குனிந்துகொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். அவள் நெற்றிக்கும் பாப்பா நெற்றிக்கும் நடுவில் சரியாக ஒரு சாண் இருந்தது. கையால் அளக்கக்கூட இல்லை. பழகிப்போய்விட்டிருந்தது. அப்படியே நின்று, கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள்.

"முட்டிக்கோ," என்றேன்.

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சாணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பாப்பா நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள்.

"பாப்பா, நான்தான்," என்றாள்.